வயர்லெஸ் ஹெட்போனுக்கு மாறினால் ஒலித்தரம் எவ்வளவு குறையும்?

கேள்வி சுருக்கமாக: பல வருடமாக வயர் ஹெட்போனில்தான் பாட்டுக் கேட்கிறேன். புதிய போனில் ஜாக் இல்லை. பயணத்தில் கேட்க வேண்டும், வேலை நேரத்தில் கம்ப்யூட்டரில் மீட்டிங் பேச வேண்டும், இரவில் கொஞ்ச நேரமாவது கண்ணை மூடிக்கொண்டு கவனமாகக் கேட்கிற பழக்கமும் உண்டு. வயர்லெஸ்ஸுக்கு மாறினால் தரம் எவ்வளவு குறையும்? எல்டிஏசி மாதிரி உயர்தர கோடெக் இருப்பதைத்தான் வாங்க வேண்டுமா?

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். ப்ளூடூத் வழியாக வருவதால் மட்டும் ஒலியில் ஏற்படும் இழப்பு, நீங்கள் பயப்படுவதைவிட மிகவும் குறைவு. பாட்டு நன்றாகக் கேட்கிறதா என்பதை ஹெட்போனின் ட்யூனிங்கும் (எந்த ஒலியை எவ்வளவு உரக்கத் தருகிறது என்பது), அது உங்கள் காதில் எப்படிப் பொருந்துகிறது என்பதும், சுற்றியுள்ள இரைச்சலும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. கோடெக், அதாவது ப்ளூடூத்தில் அனுப்புவதற்காக ஒலியைச் சுருக்கும் முறை, இவற்றுக்கெல்லாம் பின்னால் வருகிறது. ஆனால் வயர்லெஸ்ஸில் இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. குறிப்பாக, நீங்கள் வாங்கும் பொருள் எத்தனை வருடம் உங்களோடு இருக்கும் என்பதில்.

கோடெக் பற்றிக் கேட்டிருப்பதால் அதிலிருந்தே தொடங்கலாம். சிடியில் உள்ள ஒலி, வினாடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இடம் வலம் என இரண்டு தடங்கள். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்கு சுமார் 1411 கிலோபிட். ப்ளூடூத்தின் வேகமான முறையில் வினாடிக்கு 3 மெகாபிட் போகும் என்று கணக்கில் இருந்தாலும், பாட்டுக்கு மிஞ்சுவது அதில் ஒரு பகுதிதான். வழியில் தொலைந்த தரவுத் துண்டுகளைத் திரும்ப அனுப்ப வேண்டும். அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைஃபையும் மற்ற ப்ளூடூத் கருவிகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அதனால் பாட்டைச் சுருக்கி அனுப்புகிறார்கள். சுருக்குகிற முறைக்குத்தான் கோடெக் என்று பெயர்.

எல்லா ப்ளூடூத் ஹெட்போனிலும் கட்டாயம் இருப்பது எஸ்பிசி. அதன் உயர்தர அமைப்பில் வினாடிக்கு 328 கிலோபிட் ஓடும். ஏஏசி சுமார் 256. ஆப்ட்எக்ஸ் 352, அதன் எச்டி வடிவம் 576. சோனி உருவாக்கிய எல்டிஏசி 990, 660, 330 என்று மூன்று படிகளில் ஓடும். இந்த எண்களை வரிசையாகப் பார்த்ததும் 990தான் சிறந்தது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. ஏஏசி, மனிதக் காது எதைக் கேட்காது என்பதைக் கணக்கில் எடுத்துச் சுருக்குகிறது. ஓர் அதிர்வெண்ணில் பலமான ஒலி வரும்போது அதை ஒட்டியுள்ள மெல்லிய ஒலி நம் காதுக்கு எட்டாது. அந்த இடத்தில் பிட்டுகளைச் செலவழிக்காமல், தேவையான இடத்தில் செலவழிக்கிறது. ஆப்ட்எக்ஸ் அந்த வழியில் போவதில்லை. எஸ்பிசி குறைந்த கணக்கீட்டில், குறைந்த பேட்டரியில் ஓட வேண்டும் என்று எளிமையாக அமைக்கப்பட்டது. ஆகவே 256 ஏஏசியை 352 ஆப்ட்எக்ஸைவிட மட்டம் என்று சொல்ல முடியாது.

எல்டிஏசியின் 990 சிக்னல் சுத்தமாக இருந்தால்தான் நிலைக்கும். அறைக்குள், போன் மேசையில் இருக்கும்போது ஓடும். கூட்டம் நிறைந்த ரயிலில், போனைப் பின்பாக்கெட்டில் வைத்தால் அது தானாகவே கீழ்ப்படிக்கு இறங்கும். 990-இலேயே நிற்கும்படி செட்டிங்ஸில் பூட்டி வைத்தால் பாட்டு விட்டுவிட்டு வரும். 330-இல் ஓடும் எல்டிஏசி நல்ல ஏஏசியைவிட மேல் என்று என்னால் சொல்ல முடியாது. இன்னொன்று, உங்கள் போன் ஐபோன் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஐபோன் ப்ளூடூத்தில் பாட்டை ஏஏசியிலோ எஸ்பிசியிலோதான் அனுப்பும். ஹெட்போன் பெட்டியில் எல்டிஏசி முத்திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது அங்கே வேலை செய்யாது. ஆண்ட்ராய்டில் 2017-இல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து எல்டிஏசி இருக்கிறது. எந்தக் கோடெக் ஓடுகிறது என்பதை டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பார்க்கலாம்.

பாட்டு எங்கிருந்து வருகிறது என்பதையும் யோசியுங்கள். வீடியோ தளத்தில் கேட்கிற பாட்டு அங்கேயே நன்றாகச் சுருக்கப்பட்டதுதான். அதை 990-இல் அனுப்பினாலும் போனது திரும்பி வராது.

இதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டியதில்லை, நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை, சுருக்கப்படாத கோப்பாக எடுங்கள். அதையே 256 கிலோபிட் ஏஏசியாக மாற்றி இன்னொரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஃபூபார்2000 போன்ற இலவச மென்பொருளில் ஏபிஎக்ஸ் என்ற சோதனை வசதியைச் சேர்த்துக்கொள்ளலாம். எது எது என்று காட்டாமல் மாற்றி மாற்றிப் போட்டு, உங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லும். உங்களிடம் இப்போது இருக்கும் வயர் ஹெட்போனிலேயே கேளுங்கள். 16 முறையில் 12 முறையாவது சரியாகச் சொன்னால்தான் உங்கள் காது வித்தியாசத்தைப் பிடிக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வெறும் ஊகத்தில் அவ்வளவு சரியாக வருவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. இரண்டு கோப்பும் ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஒரு டெசிபல் கூடினாலே அது 'தெளிவாக' இருப்பது போல் நமக்குத் தோன்றிவிடும். கடையில் இரண்டு ஹெட்போன்களை அடுத்தடுத்துக் கேட்டு முடிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். சுருக்கத்தின் குறையைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் ஜால்ரா, சலங்கை, கைதட்டல் மாதிரி சட்டென்று வெடித்து அடங்கும் ஒலிகளைக் கவனியுங்கள். ஏஏசி போன்ற கோடெக்குகள் பெரும்பாலும் தடுமாறுவது அங்கேதான். 

சோதனையில் உங்களால் பிரித்தறிய முடிந்தால், சரி, ஆண்ட்ராய்டு போனும் எல்டிஏசியும் அல்லது ஆப்ட்எக்ஸின் புதிய வடிவங்களும் உங்களுக்குப் பயன்படும். முடியவில்லை என்றால் கோடெக்கை மறந்துவிட்டு மற்றவற்றைப் பாருங்கள். அவற்றில்தான் கேட்டதும் தெரிகிற வித்தியாசங்கள் இருக்கின்றன.

அதில் முதலாவது ட்யூனிங். எந்த அதிர்வெண்ணை ஹெட்போன் எவ்வளவு உரக்கத் தருகிறது என்பது. பாஸ் தூக்கலாக இருக்கிறதா, குரல் பின்னால் போய்விடுகிறதா, 'ஸ்' ஓசை காதைக் குத்துகிறதா என்பதெல்லாம் இதிலிருந்து வருபவை. ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவருடைய குழுவினரும் இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்தார்கள். எந்த ஹெட்போன் என்று சொல்லாமல் பலரைக் கேட்க வைத்தபோது, நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கர் எப்படி ஒலிக்குமோ அதற்கு நெருக்கமானதையே பெரும்பாலோர் விரும்பினார்கள். ஹார்மன் வளைவு என்று இன்று பலரும் சொல்வது அதைத்தான். அதோடு இன்னொரு ஆய்வும் உண்டு. 2017-இல் ஜெரோன் ப்ரீபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை விலையோடு வைத்துப் பார்த்து, அதிர்வெண் ட்யூனிங்குக்கும் விலைக்கும் தொடர்பு ஏதும் தெரியவில்லை என்று எழுதினார். விலை கூடினால் கட்டுமானம் நன்றாக இருக்கலாம், மெத்தை மிருதுவாக இருக்கலாம், வெளி இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் சிறப்பாக இருக்கலாம். ஆனால் ஒலி நன்றாக இருக்கும் என்பதற்கு விலை உத்தரவாதம் தராது. இது வயருக்கும் பொருந்தும், வயர்லெஸ்ஸுக்கும் பொருந்தும்.

இந்த ட்யூனிங் விஷயத்தில் வயர்லெஸ்ஸுக்கு ஒரு பெரிய சாதகம் இருக்கிறது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. வயர் ஹெட்போனில் ஒலியை உண்டாக்கும் டிரைவரும், கப்பும், மெத்தையும் சேர்ந்து தருவதுதான் இறுதி ஒலி. அதில் ஒரு மேடு பள்ளம் இருந்தால் அது அப்படியேதான் இருக்கும். வயர்லெஸ் ஹெட்போனுக்குள் ஒலியைத் திருத்தும் சிப், அனலாக்காக மாற்றும் சிப், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அந்த டிரைவருக்கென்றே அளந்து வைக்கப்பட்டிருக்கின்றன. தயாரிப்பாளர் மேடு பள்ளங்களை உள்ளேயே சமன்படுத்திவிட முடியும். ஆப்பில் ஈக்வலைசர் இருந்தால் நீங்களும் உங்கள் காதுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் செய்த மாற்றம் ஹெட்போனுக்குள்ளேயே சேமிக்கப்படுகிறதா, இல்லை போனில் மட்டும் இருக்கிறதா? உள்ளே சேமிப்பதாக இருந்தால் லேப்டாப்பில் இணைத்தாலும் அதே ஒலி வரும்.

வயரின் சாதகம் திறந்த வடிவ ஹெட்போன்களில் இருக்கிறது. கப்பின் பின்பக்கம் மூடாமல் வலைபோல் இருக்கும் வகை. ஒலி தலைக்குள் அடைபடாமல் வெளியே பரவியிருப்பது போல் கேட்கும். சென்ஹைசரின் எச்டி 600 இந்த வகை. 1997-இல் வந்தது, இன்றும் மதிக்கப்படுகிறது. ஆனால் அதன் மின்தடை (இம்பீடன்ஸ்) 300 ஓம். சாதாரண போன் அடாப்டரில் சத்தம் போதாமல் போகலாம், கொஞ்சம் திறனுள்ள ஆம்ப் கேட்கும். வெளிச்சத்தம் உள்ளே வரும், உள்ளே ஓடும் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். பயணத்துக்கு உதவாது, அமைதியான அறைக்கு இதைப் போல் வேறில்லை. வயர்லெஸ்ஸில் காதை மூடும் பெரிய ஹெட்போன்கள் கிட்டத்தட்ட எல்லாமே மூடிய வடிவம்தான். நீங்கள் சொல்கிற இரவு நேரக் கேட்பில் வயருக்கும் வயர்லெஸ்ஸுக்கும் இடையே நீங்கள் உணரப்போகும் பெரிய வித்தியாசம் இந்தத் திறந்த, மூடிய வடிவத்தால் வருவதாகத்தான் இருக்கும்.

அடுத்து பொருத்தம். காதைச் சுற்றி மெத்தை சரியாக அடைக்கவில்லை என்றால் பாஸ் கசிந்துவிடும். கண்ணாடி போடுபவர்களுக்கு அதன் காம்பு மெத்தையைத் தூக்கிவிடும். அதனால் அவர்கள் கண்ணாடியோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். இயர்பட்டில் சிலிகான் முனையின் அளவு சரியில்லை என்றால் உயர்ந்த ரகமும் தகரம் போல ஒலிக்கும். பெட்டியில் வரும் எல்லா அளவுகளையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு என்று கட்டாயமில்லை. போட்டுக்கொண்டு வாயை அசைத்துப் பாருங்கள். அப்போது பாஸ் வந்து வந்து போனால் அடைப்பு சரியில்லை. சில மாதம் கழித்து ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால் உடனே பழுது என்று நினைக்காதீர்கள். வலையில் காது அழுக்கு அடைத்திருக்கும். காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால், முனை கீழே பார்க்கும்படி பிடித்துத் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இப்போது இரைச்சல். பயணத்தில் ஒலித்தரம் என்பதே முக்கால்வாசி இரைச்சலைப் பற்றியதுதான் என்பது என் உறுதியான கருத்து. பஸ், ரயில், விமானம் எல்லாவற்றிலும் இருப்பது கீழ் அதிர்வெண்ணில் தொடர்ந்து ஓடும் உறுமல். அது பாட்டின் பாஸையும் மெல்லிய இடங்களையும் விழுங்கிவிடும். விழுங்கியதை மீட்க நாம் சத்தத்தைக் கூட்டுவோம். அந்த இடத்தில் 256-ஆ 990-ஆ என்பது காதுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. நாய்ஸ் கேன்சலிங் இருந்தால் அந்த உறுமல் அடங்கும், குறைந்த சத்தத்திலேயே பாட்டின் நுணுக்கம் வெளியே வரும்.

அது ஏன் எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி நீக்குவதில்லை என்று கேட்பவர்கள் உண்டு. வெளியே உள்ள மைக் இரைச்சலைப் பிடித்து, அதற்கு நேர்எதிரான அலையை ஹெட்போன் உண்டாக்குகிறது. இரண்டும் மோதி அழிய வேண்டும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் சுமார் மூன்றரை மீட்டர். நேரத்தில் கொஞ்சம் பிசகினாலும் இரண்டு அலைகளும் எதிரெதிராகவே இருக்கும். 3000 ஹெர்ட்ஸில் அலை நீளம் 11 சென்டிமீட்டர்தான். அங்கே சிறு பிசகு ஏற்பட்டாலும் அழிவதற்குப் பதில் சேர்ந்துவிடும். அதனால் எலக்ட்ரானிக் நீக்கம் கீழ் அதிர்வெண்களில்தான் வலுவாக வேலை செய்யும். மேல் அதிர்வெண்களை மெத்தையும் சிலிகான் முனையும்தான் தடுக்க வேண்டும். திரும்பவும் பொருத்தத்துக்கே வந்துவிட்டோம். போஸ் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ் 1978-இல் ஒரு விமானப் பயணத்தில் இந்த யோசனையைத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டைக் கொண்டுவர 1989 ஆனது, பயணிகளுக்கானது 2000-இல் வந்தது. அவ்வளவு காலம் எடுத்த தொழில்நுட்பம் இன்று சட்டைப்பைக்குள் அடங்குகிறது. வயர்லெஸ்ஸின் உண்மையான வரம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

காதின் நலத்துக்கும் இது நல்லது. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் வரை பாதுகாப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 83-இல் 20 மணி, 86-இல் 10, 89-இல் 5. இரைச்சலை வெல்ல சத்தத்தைக் கூட்டிக் கேட்பவர்கள் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடுகிறார்கள். போன கேட்கும் திறன் திரும்பாது, நல்ல ஹெட்போனை அப்புறம் வாங்கிப் பயனில்லை. சிலருக்கு நாய்ஸ் கேன்சலிங் போட்டதும் காதில் அழுத்தம் போல ஓர் உணர்வு வரும். அப்படிப்பட்டவர்கள் அதன் அளவைக் குறைக்க முடிகிற மாடலைத் தேடுவது நல்லது. வேறு சிலவற்றில் அதை ஆன் செய்தால் ஒரு ஒலி, ஆஃப் செய்தால் வேறு ஒலி. நீங்கள் எந்த நிலையில் அதிகம் கேட்பீர்களோ அந்த நிலையில் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

மீட்டிங் என்று சொன்னீர்கள். அங்கேதான் வயர்லெஸ்ஸின் ஒலி உண்மையிலேயே விழுகிறது. பாட்டு ஓடும்போது ப்ளூடூத் ஒரு வழிப்பாதை. மைக் தேவைப்பட்டதும் அது அழைப்புக்கான வேறு முறைக்கு மாறிவிடும். அந்தப் பழைய முறையில் வினாடிக்கு 8,000 மாதிரிகள், கொஞ்சம் மேம்பட்டதில் 16,000. ஸ்டீரியோவும் போய்விடும். மீட்டிங்கில் சேர்ந்ததும் எல்லாம் பழைய டெலிபோன் போல மாறுவது இதனால்தான். ஹெட்போன் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுத்தவர்கள்கூட உண்டு. எளிய வழி: கம்ப்யூட்டர் செட்டிங்ஸில் மைக் என்ற இடத்தில் ஹெட்போனைத் தேர்ந்தெடுக்காமல் லேப்டாப்பின் சொந்த மைக்கையோ, தனியாக ஒரு யுஎஸ்பி மைக்கையோ தேர்ந்தெடுங்கள். ஹெட்போன் பாட்டு முறையிலேயே நிற்கும், ஒலி விழாது. உங்கள் குரலும் மற்றவர்களுக்குத் தெளிவாகப் போகும். 2020-இல் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் ஒலி முறை, அதன் எல்சி3 கோடெக் இரண்டும் இந்தக் குறையை அடிப்படையிலேயே தீர்க்க வந்தவை. இரு பக்கமும் நல்ல தரத்தில் ஒரே நேரத்தில் போகும். ஆனால் ஹெட்போன், கம்ப்யூட்டர், இயங்குதளம் மூன்றிலும் அது இருக்க வேண்டும். ஒன்றில் இல்லையென்றாலும் பழைய முறைதான். பெட்டியில் ப்ளூடூத் 5.3, 5.4 என்று எழுதியிருப்பதால் மட்டும் எல்இ ஆடியோ இருக்கிறது என்றோ ஒலி நன்றாக இருக்கும் என்றோ எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த எண் ஒலித்தரத்துக்கான அளவுகோல் இல்லை.

தாமதம் பற்றிச் சுருக்கமாக. எஸ்பிசி, ஏஏசி இரண்டிலும் ஒலி காதை அடைய ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் ஆகலாம். படம் பார்க்கும்போது தெரியாது, ஏனென்றால் வீடியோ ஆப் படத்தையும் அதே அளவு தள்ளி ஓட்டிவிடும். விளையாட்டிலும், கீபோர்டு வாசித்துக்கொண்டே கேட்பதிலும், பாட்டை எடிட் செய்வதிலும் அது முடியாது. இவற்றில் ஏதாவது உங்கள் வழக்கமென்றால் வயர்தான். விளையாட்டுக்கு மட்டும் என்றால் யுஎஸ்பியில் சொருகும் தனிச் சிறு கருவியோடு (டாங்கிள்) வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையும் சரிப்படும்.

இனி ஆயுள். இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வாங்கும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. நல்ல வயர் ஹெட்போன் ஒன்றில் கெட்டுப்போகிற பாகங்கள் கேபிளும் மெத்தையும்தான். இரண்டையும் மாற்றிவிட்டால் பத்துப் பதினைந்து வருடம் ஓடும். வயர்லெஸ்ஸில் லித்தியம் பேட்டரி இருக்கிறது. முந்நூறு, ஐந்நூறு முறை முழுதாக சார்ஜ் ஏறி இறங்கினால் அதன் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைவது வழக்கம். காதை மூடும் பெரிய ஹெட்போனில் ஒருமுறை சார்ஜ் செய்தால் 30 மணி நேரம் ஓடும் என்றால், தினமும் மூன்று மணி நேரம் கேட்பவருக்கு வருடத்துக்கு நாற்பதுக்கும் குறைவான சுற்றுகள்தான் ஆகும். பல வருடம் தாக்குப்பிடிக்கும். இயர்பட்டின் கணக்கே வேறு. நகத்தளவு பேட்டரி, ஐந்தாறு மணி நேரம்தான் ஓடும், கேஸில் வைத்த ஒவ்வொரு முறையும் நிரம்பும். அதே பழக்கத்துக்கு வருடத்தில் இருநூறு சுற்றுகள் ஓடிவிடும். இரண்டு மூன்று வருடத்தில் ஒரு பக்கம் சீக்கிரம் அணைய ஆரம்பிக்கும். பெரும்பாலான இயர்பட்களில் மேலுறையைப் பசையால் ஒட்டியிருப்பதால் திறந்து பேட்டரி மாற்றுவது கடினம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023-இல் வந்த பேட்டரி ஒழுங்குமுறை, 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் நல்ல திசை. வடிவமைப்பு மாறினால் எல்லா நாட்டினருக்கும் பயன் கிடைக்கும்.

அதனால் வயர்லெஸ்ஸைச் செருப்பு மாதிரி தேய்ந்துபோகும் பொருளாக எண்ணிச் செலவழியுங்கள். மிக உயர்ந்த ரக இயர்பட்டில் பெரிய தொகையைப் போடுவதைவிட, நடுத்தர ரகத்தில் நன்றாகப் பொருந்துவதை எடுத்துவிட்டு மிச்சத்தை வயர் பக்கம் போடுவது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. பெரிய ஹெட்போன் என்றால் மெத்தை தனியாகக் கிடைக்கிறதா, எளிதில் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். சார்ஜ் தீர்ந்தாலும் கேபிள் போட்டுக் கேட்க முடிகிறதா என்பதையும் கேளுங்கள். எல்லாவற்றிலும் முடியாது. முடிகிறவற்றிலும் சார்ஜ் இல்லாத நிலையில், உள்ளே இருக்கும் திருத்தும் சிப் வேலை செய்யாததால், ஒலி மந்தமாக இருக்கக்கூடும். பேட்டரியை வெயிலில், காருக்குள் விட்டு வைக்காதீர்கள். வெப்பம் அதன் ஆயுளை வேகமாகக் குறைக்கும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள நல்ல வயர் இயர்போன் ஒன்றை வாங்கி, அதைத் தீப்பெட்டி அளவுள்ள ப்ளூடூத் ரிசீவரில் சொருகிச் சட்டையில் குத்திக்கொள்வது. ஃபியோ போன்ற நிறுவனங்கள் இந்த ரிசீவர்களைச் செய்கின்றன, எல்டிஏசி உட்படப் பல கோடெக்குகள் அவற்றில் இருக்கும். பேட்டரி போனால் ரிசீவரை மட்டும் மாற்றினால் போதும், இயர்போன் அப்படியே இருக்கும். மார்பில் ஒரு வயர் தொங்குவது உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால் யோசிக்க வேண்டிய வழி. நாய்ஸ் கேன்சலிங் மட்டும் கிடைக்காது, ஆனால் காதை நன்றாக அடைக்கும் இயர்போன் அதில் கணிசமான பகுதியை ஈடுகட்டும்.

உங்கள் நிலையில் நான் இப்படிச் செய்வேன். பயணத்துக்கும் வேலைக்குமாக, காதை மூடும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் ஒன்று. போனிலும் லேப்டாப்பிலும் ஒரே நேரத்தில் இணைந்து நிற்கும் மல்டிபாயின்ட் வசதி அதில் கட்டாயம் வேண்டும், தினமும் கைகொடுப்பது அதுதான். எல்டிஏசி இருந்தால் இருக்கட்டும், ஆனால் சில மாடல்களில் எல்டிஏசியை ஆன் செய்தால் மல்டிபாயின்ட் வேலை செய்யாது. அப்படி ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் யோசிக்காமல் மல்டிபாயின்ட்டை வைத்துக்கொள்வேன். இரவு நேரத்துக்கு இப்போது உங்களிடம் இருக்கும் வயர் ஹெட்போனையே தொடருங்கள். ஜாக் இல்லாத போனுக்கு யுஎஸ்பி-சி அடாப்டர் ஒன்று போதும். உள்ளே டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் சில அடாப்டர்களில் அது இருக்காது, சில போன்களில் அவை வேலை செய்யாது. உங்கள் ஹெட்போனின் ஓம் அளவு பெரிதாக இருந்தால் மட்டும் கூடுதல் திறனுள்ள அடாப்டரைத் தேடுங்கள்.

வாங்கப் போகும்போது திருப்பிக் கொடுக்க வசதி இருக்கும் இடத்தில் வாங்குங்கள். புதிதாக இணைத்ததும் போனிலும் ஆப்பிலும் இருக்கும் 'பாஸ் பூஸ்ட்', 'சரவுண்ட்' மாதிரியானவற்றை அணைத்துவிட்டு, வருடக்கணக்காகக் கேட்டுப் பழகிய ஐந்தாறு பாட்டுகளைப் போடுங்கள். ஒன்றில் தனிக்குரல், ஒன்றில் கனமான பாஸ், ஒன்றில் நிறைய வாத்தியங்கள் சேர்ந்து வரட்டும். அரை மணி நேரமாவது தொடர்ந்து போட்டிருங்கள். தலை உச்சியில் அழுத்துகிறதா, காது சூடேறுகிறதா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். புதிய ட்யூனிங்குக்குக் காது பழக ஓரிரு நாள் ஆகும். அதனால் முதல் நாளே ஒலியைப் பற்றி முடிவெடுக்காதீர்கள். வலிப்பதையும் நழுவுவதையும் பற்றி மட்டும் அன்றே முடிவெடுங்கள், அவை பழகிப் போவதில்லை.